அக்கிலீஸின் குற்றங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிராய் நகரின்மீது கிரேக்கர்கள் தொடுத்த போரைச் சொல்லும் ஹோமரின் காவியமான இலியட்டை அண்மையில் படித்து முடித்தேன். கடைசிவரை அதன் நாயகனான கிரேக்க வீரன் அக்கிலீஸ் மீது எனக்கு மதிப்பு ஏற்படவில்லை. போர்க்கொள்ளையில் தனக்குப் பங்காகக் கிடைத்த பிரைசிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்துக்கொண்டான் என்பதற்காகத் தன் தரப்பே தோற்கட்டும் என்று வேண்டுகிறான். காலைப் பிடித்துக் கெஞ்சியவனைக் கொல்கிறான். டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று, அவன் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். இவனை நாயகனாகக் கொண்டாடிய கிரேக்கர்களுக்கு அறவுணர்வே இருக்கவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் சொல்லும் குற்றங்கள் எல்லாம் உண்மையே. ஹெக்டரால் கொல்லப்பட்ட தன் உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸின் சிதையில் இடுவதற்காக 12 டிராய் இளைஞர்களை அவன் வெட்டிக் கொன்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை முதலில் எழுப்புவது இலியட்தான். 24ஆம் காண்டத்தில், தெய்வங்களின் அவையில், அக்கிலீஸ் இரக்கத்தை அழித்துவிட்டான், அவனிடம் நாணம் இல்லை, உணர்வற்ற மண்ணாகிவிட்ட ஹெக்டரின் உடலைப் போய் அவமதிக்கிறான் என்று அப்போலோ முறையிடுகிறான். அக்கிலீஸ் ஒரு தேவியின் மகன் என்று ஹீரா பரிந்து பேசியும், உடலைத் திருப்பித் தர வேண்டும் என்றே தெய்வங்களின் அரசன் சீயஸ் முடிவுசெய்கிறான். நாயகனின் செயலை இப்படி அவையில் வைத்து விசாரிக்கும் ஒரு காவியத்தை அறவுணர்வு அற்றது என்று என்னால் சொல்ல முடியாது.

காலைப் பிடித்துக் கெஞ்சிய லைகேயோனின் காட்சியை நீங்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். டிராய் அரசர் பிரியாமின் மகனான அவனை அக்கிலீஸ் முன்பே ஒருமுறை சிறைபிடித்து, கொல்லாமல், லெம்னோஸ் தீவில் விற்றிருக்கிறான். மீட்கப்பட்டு ஊர் திரும்பிய 12ஆம் நாளில், ஆயுதமின்றி, அதே அக்கிலீஸின் முன்னால் அவன் வந்து சேர்கிறான். பேட்ரோக்ளஸ் சாவதற்கு முன்பு டிராயர்களை உயிரோடு விடுவதே தனக்கு விருப்பமாக இருந்தது என்று அக்கிலீஸே அவனிடம் சொல்கிறான். பிறகு அவனை 'நண்பனே' என்று அழைத்து, உன்னைவிட மேலான பேட்ரோக்ளஸே செத்துவிட்டான், எனக்கும் சாவு காத்திருக்கிறது, நீயும் செத்துப்போ என்கிறான். கொடூரம் இவனுடைய பிறவிக்குணம் அல்ல என்பதை ஹோமர் இங்கே தெளிவாகக் காட்டுகிறார். தன் தரப்பு தோற்க வேண்டும் என்ற அவனுடைய வேண்டுதலை சீயஸ் நிறைவேற்றியதன் விளைவுதான் பேட்ரோக்ளஸின் சாவு. அது அவனுக்கும் தெரியும். தேனைவிட இனிதாக நெஞ்சில் ஊறும் சினம் ஒழியட்டும் என்று 18ஆம் காண்டத்தில் தாயிடம் புலம்புபவன், அந்தக் குற்றத்தின் வேதனையைத்தான் எதிர்ப்பட்டவர்கள்மீதெல்லாம் இறக்குகிறான். இதை அறிவதால் லைகேயோனின் கொலை நியாயமாகிவிடாது. காவியமும் அதை நியாயப்படுத்தவில்லை.

ஹெக்டரின் உடலைக் கேட்டு அவன் தந்தை பிரியாம் அக்கிலீஸின் கூடாரத்துக்கு வந்து, தன் மக்களைக் கொன்ற கைகளை முத்தமிடும்போது இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அதன் பிறகும் அக்கிலீஸ் முற்றாக மாறிவிடவில்லை. என்னைச் சினமூட்டாதே, உன்னையும் கொன்றுவிடுவேன் என்று கிழவரை எச்சரிக்கவே செய்கிறான். அவனைத் திருத்தி நல்லவனாக்கி முடிக்காததை நான் ஹோமரின் பெரும் நேர்மையாகக் கருதுகிறேன்.

உங்கள் கேள்வியைக் கிரேக்கர்களே கேட்டிருக்கிறார்கள். பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில், ஹெக்டரின் உடலை இழுத்ததும் கைதிகளைச் சிதையில் கொன்றதும் உண்மையாக இருக்க முடியாது, அவற்றைச் சொல்லவும் அனுமதிக்கக் கூடாது என்று சாக்ரடீஸைப் பேசவைக்கிறார். நான் இதில் பிளேட்டோவின் பக்கம் இல்லை. அந்தச் செயல்களை நீக்கிவிட்டால், பிரியாம் அந்தக் கூடாரத்துக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

ஆனால் உங்கள் கேள்வி முழு வலுவோடு நிற்கும் இடம் ஒன்று ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் இருக்கிறது. அதன் நாயகன் ஒடிஸியஸ், தன் மனைவியை மணக்க வந்து தன் வீட்டை ஆக்கிரமித்தவர்களைக் கொன்றபின், அவர்களோடு உறவு வைத்திருந்த 12 அடிமைப் பெண்களைக் கொண்டு பிணங்களை வெளியேற்றி, கூடத்தைக் கழுவவைத்துவிட்டு, அப்பெண்களையும் வாளால் கொல்லச் சொல்கிறான். அது அவர்களுக்கு மிகக் கௌரவமான சாவு என்று எண்ணி அவன் மகன் டெலிமாகஸ் அவர்களைத் தூக்கிலிடுகிறான். கண்ணியில் சிக்கிய பறவைகளோடு அப்பெண்களை ஒப்பிட்டு, அவர்கள் கால்கள் சற்றே துடித்ததைக் கவிஞர் பார்க்கிறார். ஆனால் கண்டிப்பதில்லை, அவர்களுக்காக முறையிட ஒரு தெய்வமும் வருவதில்லை. அடிமை முறைக்குள் வாழ்ந்த ஒரு சமூகத்தின் பார்வை அங்கே நின்றுவிட்டது என்றே நான் நினைக்கிறேன், அதற்காக வாதாட எனக்கு மனமில்லை. அடுத்து ஒடிஸியைப் படிப்பதாக இருந்தால், அந்த 22ஆம் காண்டத்தைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.