மேசையில் ஓர் அகல் விளக்கு: எடுக்கச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சுமார் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் எச்-1பி என்ற வேலை விசாவில் பணிபுரிகிறேன். டிசம்பரில் வரவேற்பறையில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைத்தார்கள். அவரவர் மேசையையும் அலங்கரிக்கலாம் என்றார்கள். ஒருவர் சிறிய குடில் வைத்தார், இன்னொருவர் யூதர்களின் பண்டிகை விளக்கான மெனோரா வைத்தார். நான் கார்த்திகைக்காக பேட்டரியில் எரியும் இரண்டு அகல் விளக்குகள் வைத்தேன். மறுநாளே மேலாளர், ‘அலுவலகத்தில் மதச் சின்னங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது’ என்று எடுக்கச் சொன்னார். குடிலும் மெனோராவும் அப்படியே இருந்தன. கிறிஸ்துமஸ் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் மரம் அலங்கரிக்க வர மறுத்தார். ‘குழுவோடு ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதி அவருடைய ஆண்டு மதிப்பீட்டைக் குறைத்துவிட்டார்கள். ஊதிய உயர்வும் குறைந்துவிட்டது. இதைப் பற்றிப் பேசினால் என் விசாவுக்கு ஆபத்து வருமா? மரத்தையும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: உங்களுக்கு நடந்தது தவறு, சகோதரி. உங்கள் நண்பருக்கு நடந்தது அதைவிடப் பெரிய தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மேலாளர் சொன்ன தீர்ப்பு. அவர் கேள்விப்பட்டது 1989-ஆம் ஆண்டின் அலெகெனி வழக்காக இருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரில், மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பிரதான படிக்கட்டில் ஒரு குடிலைத் தனியாக வைத்திருந்தார்கள். அரசே ஒரு மதத்தை ஆதரிப்பதாக இது பொருள்படும் என்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனால் அதே தீர்ப்பில், வேறோர் அரசுக் கட்டடத்தின் வாசலில் 45 அடி கிறிஸ்துமஸ் மரத்தின் அருகே நின்ற 18 அடி மெனோராவை அனுமதித்தது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்; அது அரசைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் நிறுவனம் அரசு அல்ல. ஒரு தனியார் அலுவலக மேசையில் என்ன இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு. பதினைந்து பேருக்குக் குறையாத எல்லா நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். நியூ ஜெர்சியின் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமோ ஒரே ஒருவர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும்.

மரத்தை எடுக்கச் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் மரம் மதச் சின்னமாகாது என்பதுதான் அலெகெனி தீர்ப்பின் பார்வை. வரவேற்பறையில் மரம் வைத்த நிறுவனம் அதை எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, பக்கத்தில் மற்ற மதங்களின் அலங்காரத்தைச் சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று கூட்டாட்சியின் சம வேலைவாய்ப்பு ஆணையம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேர்த்தால் நல்லது, நான் மனதார வரவேற்பேன். ஆனால் வழக்குப் போட்டு வாங்க முடியாது.

மேசை விஷயம் வேறு. மேசையில் எதுவுமே வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டிருந்தால் உங்களுக்குச் சொல்ல அதிகம் இருக்காது. குடிலுக்கும் மெனோராவுக்கும் இடம் கொடுத்துவிட்டு அகலை மட்டும் அகற்றச் சொன்னதுதான் பாகுபாடு. தீ அபாயம் என்ற காரணமும் இங்கே நிற்காது. எண்ணெய் விளக்காக இருந்திருந்தால் மெழுகுவத்திக்கும் சேர்த்துத் தடை போட அவர்களுக்கு நியாயம் இருந்திருக்கும், உங்களுடையது பேட்டரி.

இதற்காக மட்டும் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கை எடுத்ததால் உங்கள் சம்பளமோ பதவியோ மாறவில்லை. இழப்பீடு கேட்க அது மெலிந்த வழக்கு. ஆனால் மனிதவளத் துறைக்கு எழுத அது வலுவான காரணம். என்று வைத்தீர்கள், என்று எடுக்கச் சொன்னார்கள், அன்று மற்ற மேசைகளில் என்ன இருந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். படம் எடுத்திருந்தால் இணையுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேளுங்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லில் கவனம் வேண்டும். நம்மவர்கள் பணிவு கருதி, ‘இது மதமெல்லாம் இல்லை, எங்கள் கலாசாரம்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். உங்களுக்குக் கார்த்திகை விளக்கு வழிபாடு என்றால் வழிபாடு என்றே எழுதுங்கள். மத நம்பிக்கையோடு மத அனுசரிப்பையும் ஏழாம் பிரிவு காக்கிறது; கலாசாரம் என்ற சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைப்பதில்லை.

இனி உங்கள் நண்பர். மத நம்பிக்கை காரணமாக ஒரு வேலையிலிருந்து விலக்குக் கேட்டால், நிறுவனம் இடம் கொடுக்க வேண்டும்; கொடுத்தால் தன் தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை வரும் என்று காட்டினால்தான் மறுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த பென்சில்வேனியா அஞ்சல் ஊழியர் ஒருவரின் வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை உறுதிப்படுத்தியது. மரத்தில் நட்சத்திரம் தொங்கவிட ஒருவர் வரவில்லை என்றால் எந்தத் தொழில் சுமை கூடிவிடும்? வட கரோலைனாவின் ராலே நகரில், கிறிஸ்துமஸ் தொப்பி அணிய மறுத்த யெகோவாவின் சாட்சி ஒருவரை வேலையை விட்டு நீக்கிய பல்பொருள் அங்காடி, ஆணையம் வழக்குத் தொடர்ந்த பிறகு 55,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

உங்கள் நண்பர் மறுத்தபோது மதக் காரணத்தைச் சொன்னாரா, அது மேலாளருக்குத் தெரியுமா என்பது முக்கியம். தெரிந்திருந்தும் மதிப்பீட்டைக் குறைத்து, அதனால் ஊதிய உயர்வு குறைந்திருந்தால், அது வழக்காக நிற்கும். பாதிப்பு பெரியதாக இருக்க வேண்டியதில்லை, பணி நிபந்தனைகளில் ஓரளவு பாதிப்பு இருந்தால் போதும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் செயின்ட் லூயிஸ் காவல் துறை வழக்கில் சொல்லியிருக்கிறது.

உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எச்-1பி விசாவில் வேலை போனால் பொதுவாக அறுபது நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும் என்ற நினைப்பே நெஞ்சை அடைக்கும். ஆனால் ஏழாம் பிரிவு விசா பார்ப்பதில்லை. பாகுபாட்டைச் சுட்டிக்காட்டியதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டு. உங்களுக்காகப் பேசினாலும் சரி, நண்பருக்காகச் சாட்சி சொன்னாலும் சரி, பாதுகாப்பு ஒன்றே. அதனால்தான் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். கடிதம் போன தேதிக்குப் பிறகு உங்கள் மீது திடீரென்று புகார்கள் முளைத்தால், அந்தத் தேதியே உங்களுக்குச் சாட்சி. அனுப்பியதன் நகலை வீட்டில் வையுங்கள்.

காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நியூ ஜெர்சியில் கூட்டாட்சியின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் தர 300 நாள், மாநிலத்தின் சிவில் உரிமைப் பிரிவிடம் தர 180 நாள், மாநிலச் சட்டப்படி நேராக நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு. உங்களுக்கு விளக்கை எடுக்கச் சொன்ன நாளிலிருந்து எண்ணுங்கள். நண்பருக்கு மதிப்பீடு கைக்கு வந்த நாளிலிருந்து. நிறுவனத்துக்குள் கடிதம் கொடுத்ததால் இந்தக் கடிகாரம் நிற்காது. நண்பரை இந்த வாரமே அந்த மதிப்பீட்டுத் தாளோடு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.