அல்சைமரை முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனை: எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: சென்னையில் சிறிய ஆய்வகம் வைத்திருக்கிறோம். பி-டாவ் 217 (அல்சைமரில் இரத்தத்தில் ஏறும் ஒரு டாவ் புரதம்), அமிலாய்டு பீட்டா 42/40 விகிதம் (மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் இரு வடிவங்களின் விகிதம்) இரண்டையும் அளக்கும் பரிசோதனையை உருவாக்கி வருகிறோம். ஒரே ஆளின் இரத்தம் இரண்டு சேகரிப்பு மையங்களிலிருந்து வந்தால் எண்கள் மாறுகின்றன. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைக் கடைசியில் சந்தேகியுங்கள். இரத்தம் எடுத்த நேரத்துக்கும் சென்ட்ரிஃப்யூஜில் (குழாயைச் சுற்றி இரத்த அணுக்களைப் பிரிக்கும் கருவி) போட்ட நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று முதலில் பாருங்கள்.

அமிலாய்டு விகிதம் ஒரு தொட்டாற்சுருங்கி. மூளையில் அமிலாய்டு படிந்தவருக்குத் தண்டுவட நீரில் இந்த விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரத்தத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் குறையும். தாம்பரத்தில் எடுத்த குழாய் மே மாத வெயிலில் பைக்கில் தரமணிக்கு வந்தால், அந்த வித்தியாசம் வழியிலேயே கரைந்துவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும், ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ குழாயில் குறியளவு வரை நிரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் 1,800 முதல் 2,000 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) விசையில் 10 நிமிடம் சுற்றுங்கள். மேலே தெளியும் பிளாஸ்மாவை அரை மில்லியாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உறைந்ததை இரண்டு முறைக்கு மேல் உருக்க வேண்டாம். குழாய் பாலிப்ரொப்பிலீன்தான், கண்ணாடியும் பாலிஸ்டைரீனும் ஆகாது. பீட்டா 42 சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் 40ஐவிட அதிகமாக. விகிதம் சரிந்து, நோயில்லாதவர் நோயாளியாகத் தெரிவார். எல்லா மையங்களுக்கும் ஒரே கம்பெனிக் குழாயைக் கொடுத்துவிடுங்கள்.

பி-டாவ் 217 இவ்வளவு மென்மையானதல்ல. அதன் சிக்கல் சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் மூளையில் ஒன்றும் இல்லாமலே அளவு ஏறும். நம் ஊரில் வரும் முதியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று உங்களுக்கே தெரியும்! சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் எந்த முடிவும் தராதீர்கள். நோய் உண்டா இல்லையா என்று பிரிக்க வெளிநாட்டுக் கட்டுரையில் உள்ள வரம்பெண்ணை அப்படியே எடுப்பதும் தவறு. கிட்டுக்குக் கிட்டு எண் மாறும். அமிலாய்டு பெட் ஸ்கேனோ (மூளையில் படிந்த அமிலாய்டைப் படமாகக் காட்டுவது) தண்டுவட நீர்ப் பரிசோதனையோ செய்த உள்ளூர் ஆட்களை வைத்து நீங்களே நிர்ணயியுங்கள். ஒன்றல்ல, இரண்டு வரம்புகள்: கீழே இருந்தால் இல்லை, மேலே இருந்தால் உண்டு, நடுவில் இருப்பவர்களுக்கு ஸ்கேன்.

மாதிரிகளைச் சேர்த்து அளக்கும் ஒவ்வொரு தட்டிலும் அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரிகள் ஓட வேண்டும், அதில் ஒன்றாவது வரம்புக்கு மிக அருகில். சந்தேகத்துக்கிடமாக எகிறும் மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்த்து அளந்து பாருங்கள். நீர்த்த அளவால் பெருக்கிய எண் 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், குறுக்கிடும் ஆன்டிபாடி இருக்கக்கூடும்.

இந்த இரத்தப் பரிசோதனையை முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உணர்திறன் (நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பது), தனித்திறன் (நோயில்லாதவரை இல்லை என்று சொல்வது) இரண்டும் 90 சதவீதம் என்றே வையுங்கள். 1,000 பேரில் 50 பேருக்கு நோய் இருந்தால் சரியாகச் சிக்குபவர்கள் 45, வீணாகப் பயப்படுபவர்கள் 95. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2025 மே மாதம் ஃபூஜிரெபியோ நிறுவனத்தின் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தபோதும், 55 வயதோ அதற்கு மேலோ ஆன, மறதி அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமே தந்தது. மாதிரியோடு வரும் கோரிக்கைப் படிவத்தில் நரம்பியல் மருத்துவரின் பரிந்துரைக்கு ஒரு கட்டம் போடுங்கள். அது காலியாக இருந்தால் மாதிரியை ஏற்க வேண்டாம்.