சிலந்தி இழையும் நைலான் இழையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா இப்போதும் கொழுந்து பறிக்கிறார். சென்ற ஆண்டு எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உயிர்களின் உடலமைப்பைப் பார்த்துப் புதிய பொருள்களை உருவாக்கும் ஆய்வுக்கூடம் அது. மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்கும் இழைகளைப் பற்றி வேலை செய்யச் சொல்கிறார்கள்.

வீட்டில் யாருக்கும் இதில் திருப்தி இல்லை. "சிலந்திவலையைப் பார்ப்பதற்கு ஐந்து வருடமா?" என்று அம்மா கேட்கிறார். சித்தப்பாவோ, "தாமரை இலைத் தண்ணீர் என்று நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் அதையே சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டான்" என்கிறார். எனக்குள்ளும் ஒரு கேள்வி உறுத்துகிறது. இயற்கை ஒரு குறையும் இல்லாமல் செய்து வைத்திருப்பதை நாம் நகல் எடுக்கிறோம். நகல் எடுப்பது அறிவியலா? பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் உயிரியல் படிக்கவும் இல்லை. சேரலாமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

கோத்தகிரி வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

சேருங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "நகல் எடுப்பது அறிவியலா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கே நீளமாகப் பதில் எழுதத் தோன்றுகிறது.

கொடைக்கானலில் என் வீட்டு வேலிக்கம்பியில் சிலந்திவலைகளுக்குக் குறைவே இல்லை. மேகம் இறங்கிய காலையில்தான் அவை கண்ணுக்குத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதே வகை. அதை வைத்துப் பார்த்தால், நடுவிலிருந்து விரியும் ஆரக்கால் இழைகளில் துளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடும் சுருள் இழையில் மட்டும் கோத்த மணிபோல, ஏறத்தாழ ஒரே இடைவெளியில் நிற்கும். அந்த ஒழுங்கைப் பனி கொண்டுவரவில்லை. சிலந்தி அந்த இழையில் கோந்து பூசுகிறது. கோந்து பூச்சாகப் பூசப்பட்டாலும் பூச்சாக நிற்பதில்லை. பரப்பு இழுவிசை அதை மணி மணியாகத் திரட்டிவிடுகிறது. குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர்க் கம்பி சற்றுக் கீழே போனதும் துளித்துளியாக உடைகிறதல்லவா? அதே விதிதான். பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோவும் (கிரேக்கத் தத்துவஞானி அல்ல) ஆங்கிலேய இயற்பியலாளர் ராலேயும் 19ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டுக் காட்டியது இது. இத்தனைக்கும் அந்தக் கோந்து காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்புகள் கலந்தது. அதனால்தான் வெயிலேறியும் பிசுபிசுப்பு போவதில்லை.

இனி உங்கள் ஆய்வுக்கு நேராக வருகிறேன். கோந்தே பூசாத சிலந்திகளும் உண்டு. அவற்றின் இழையைச் சுற்றி மிக மிக நுண்ணிய நார்கள் பஞ்சுபோல் அப்பியிருக்கும். அப்படி ஒரு சிலந்தியின் இழையைப் பனியில் வைத்துப் பார்த்த பெய்ஜிங் ஆய்வாளர்கள், 2010இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நனைந்ததும் அந்தப் பஞ்சு சுருங்கி, இடைவெளி விட்டு முடிச்சுகளாகிவிடுகிறது. ஒவ்வொரு முடிச்சும் நூல் நூற்கும் கதிர்போல நடுவில் பருத்து இருமுனையிலும் ஒடுங்கியிருக்கும். முடிச்சில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்க, முடிச்சுகளுக்கு இடையில் ஒரே திசையில் நீண்டு படுத்திருக்கும். ஒடுங்கிய இடத்தில் உட்கார்ந்த துளியைச் சரிவான வடிவம் பருத்த பக்கம் தள்ளுகிறது. நார்களின் அமைப்பில் உள்ள வேறுபாடும் அதே பக்கம் இழுக்கிறது. ஆகவே சிறுதுளிகள் தாமாக நகர்ந்து முடிச்சில் கூடிப் பெருந்துளியாகின்றன. காற்று வேண்டாம், சாய்வு வேண்டாம், யாரும் தொடவும் வேண்டாம்.

இதற்கடுத்து அவர்கள் செய்ததை நன்றாகக் கவனியுங்கள். சிலந்திப் பட்டுக்காக அவர்கள் அலையவில்லை. நைலான் இழையை ஒரு பிளாஸ்டிக் கரைசலில் அமிழ்த்தி எடுத்தார்கள். கரைசல் இழைமேல் சீராக நிற்காமல் மணி மணியாகத் திரண்டது. உலர்ந்ததும் முடிச்சுகள் தயார். என் வேலிக்கம்பியில் கோந்தைத் திரட்டிய அதே விதி, அங்கே முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டது! அந்த நைலானில் சிலந்தியுடையது என்று ஓர் அணுகூடக் கிடையாது. இங்கிருந்து அங்கே போனது காரணம் ஒன்றுதான். நகல் எடுப்பவனுக்குக் காரணம் தேவையில்லை, உருவம் போதும். இறக்கை கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தவர்கள் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். இறக்கையை அடிக்காமலே பறக்கிறது விமானம்.

சித்தப்பா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததைப் பார்த்து, அதைப் பற்றற்ற மனத்துக்கு உவமையாக்கியவர்கள் கூர்ந்த கண்ணுள்ளவர்கள். ஆனால் உவமை வேறு, ஏன் ஒட்டவில்லை என்ற கேள்வி வேறு. ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். வழவழப்பான இலைகளை நுண்ணோக்கியில் வைக்குமுன் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பான இலைகளோ முன்பே சுத்தமாக இருந்தன. இது தலைகீழாக இருக்கிறதே என்று நின்று யோசித்தார். தாமரை இலையின் மேல் நுண்ணிய மேடுகள், மேடுகளின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுத் துகள்கள். துளி அவற்றின் நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு, காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உருளும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. 1997இல் நைன்ஹுய்ஸ் என்பவரோடு சேர்ந்து இதை எழுதினார். 1999இல் இதே கொள்கையில் வெளிச்சுவர்ப் பெயின்ட் ஒன்று விற்பனைக்கு வந்தது.

சித்தப்பாவுக்கு இதை வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவது நல்லது. உங்கள் ஊரில் கற்பூர மரத்துக்கு, அதாவது யூகலிப்டஸுக்கு, பஞ்சமில்லை. அதன் இளங்கன்றில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இலைகள் இருக்கும். திருநீறு பூசியதுபோல் ஒரு படிவு தெரியும். அது மெழுகு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பாதரசம்போல உருண்டோடும். பக்கத்திலேயே கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு இன்னொரு சொட்டு விடுங்கள். தேய்த்த இடத்தில் அது தட்டையாகப் படிந்துவிடும். அதே இலை, அதே தண்ணீர். மாறியது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் மேடுபள்ளம் மட்டும்தான். மனிதர் செய்த இத்தகைய பரப்புகளின் பெரிய பலவீனமும் இதுதான். தேய்ந்தால் போயிற்று. உயிருள்ள இலையால் மெழுகைப் புதிதாகச் சுரக்க முடியும், சுவரால் முடியாது. உலகில் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இந்த ஒரு சிக்கலில் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இயற்கை ஒரு குறையும் இல்லாமல் செய்துவைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பக்கத்துப் பாறைகளில் குறும்பர்கள் தேனெடுக்கும் பெரிய அடைகளைப் பார்த்திருப்பீர்கள். அறுகோண அறைகளால் மெழுகு மிச்சமாகிறது என்பது பழைய நம்பிக்கை. ஒரு தளத்தைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்க அறுகோணத்தைவிடச் சிக்கனமான வழி இல்லை என்று 1999இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தார். ஆனால் அறைக்கு அடித்தளமும் உண்டே. தேனீ அதை மூன்று சாய்சதுரங்களால் மூடுகிறது. அதைவிடச் சிக்கனமான மூடி ஒன்று உண்டு என்று ஹங்கேரியக் கணிதர் ஃபெஜஸ் டோத் 1964இலேயே காட்டிவிட்டார். மிச்சம் 0.35 சதவீதத்துக்கும் குறைவு. தேனீக்கு அது பொருட்டே அல்ல, அடை நின்றால் போதும். உயிர்கள் பிழைப்பதற்குப் போதுமானதைச் செய்துகொள்கின்றன. நமக்கு வேண்டியது வேறாக இருக்கலாம். சிலந்தி இழை துளியைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதற்கு ஒன்றும் நட்டமில்லை. பனிபிடிக்கும் வலை அப்படிச் செய்தால் நமக்குக் குடம் நிறையாது. சிலியிலும் மொராக்கோவிலும் மலைச்சரிவுகளில் வலை கட்டித் தண்ணீர் சேர்க்கிறார்கள். வலையின் கண் பெரிதாக இருந்தால் பனி புகுந்து போய்விடும். சிறிதாக இருந்தால் காற்று வலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். துளிகள் கீழே இறங்காமல் கண்களை அடைத்துக்கொண்டாலும் அதே கதைதான். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அதைச் சிலந்தி உங்களுக்குச் சொல்லித் தராது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உயிரியல் படிக்காததற்காகத் தயங்க வேண்டாம். சி.வி. ராமன் 1934இல் பனங்காடையின் இறகை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார். அவரிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரனும் இயற்பியல்காரர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, கொலாஜன் புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு என்று 1954, 55இல் சொன்னார். அந்தப் புரியில் மூன்றில் ஒரு கண்ணி, அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசினாகவே இருக்கும். புரிகள் நெருங்கும் உட்புறத்தில் அதைவிடப் பெரியது எதுவும் நுழையாது. நாள் முழுவதும் கொழுந்து கிள்ளும் உங்கள் அம்மாவின் விரல்களை இழுப்பதும் அந்தக் கயிறுதான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஐந்து வருடம் எதற்கு என்பது அவருக்குப் புரியக்கூடும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்குள்ள மாணவர்களிடமே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கருவிகளைத் தொடவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். நான் படித்த கல்லூரியில் நல்ல நுண்ணோக்கி ஒன்று மூன்று வருடமும் பூட்டிய அலமாரியிலேயே இருந்தது. அந்த இழப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கற்பூரக் கன்றில் இன்னும் விரிந்துகொண்டிருக்கும் இலை ஒன்றையும் முழுதாக வளர்ந்துவிட்ட இலை ஒன்றையும் தேர்ந்தெடுத்துக் காம்பில் நூல் கட்டி, இரண்டையும் ஒரே அளவு தேய்த்துவிடுங்கள். நாளுக்கு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எதில், எத்தனையாவது நாள் துளி மறுபடி உருள்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்