சுண்டெலிக்கு ஆறிய குடல் புண், மகனுக்கும் ஆறுமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). மெசலமைன் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. புதிய மருந்து ஒன்று சுண்டெலிகளின் குடல் அழற்சியை ஒரே வாரத்தில் ஆற்றிவிட்டதாகச் செய்தி படித்துவிட்டு, "மாத்திரையை நிறுத்திவிட்டு அது வரும்வரை பார்க்கலாம்" என்கிறான். நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தக் கூடாது அம்மா. ஏன் என்பது அந்தச் சுண்டெலிகளுக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் உங்கள் மகனுக்கே புரிந்துவிடும்.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் ஆரோக்கியமான சுண்டெலிக்கு நோயை வரவழைக்கிறார்கள். டிஎஸ்எஸ் எனப்படும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியத்தைக் குடிநீரில் 2 முதல் 3 சதவீதம் கரைத்து, 5 முதல் 7 நாள் வரை கொடுப்பார்கள். அது பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். குடல் பாக்டீரியாக்கள் அந்த வழியாகத் திசுவுக்குள் போக, அழற்சி கிளம்பும். மலம் இளகும், ரத்தம் வரும், எடை இறங்கும். இந்த மூன்றுக்கும் தினமும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் குடலை எடுத்து நீளத்தை அளப்பார்கள். அழற்சி கூடினால் குடல் சுருங்கியிருக்கும்.

டிஎஸ்எஸ் தண்ணீரை மாற்றி நல்ல தண்ணீர் வைத்தாலே, எந்த மருந்தும் இல்லாமல் பெரும்பாலான சுண்டெலிகள் தேறத் தொடங்கிவிடும். பல ஆய்வுகளில் மருந்தை டிஎஸ்எஸ் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்பிருந்தோ ஆரம்பிக்கிறார்கள். அப்படியானால் அது நோய் வராமல் தடுத்த கணக்கு. உங்கள் மகனுக்கு நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. டி, பி வகை வெள்ளணுக்களே இல்லாத சுண்டெலிக்கும் டிஎஸ்எஸ்ஸால் இந்தப் புண் வரும். மனித நோயிலோ அந்த அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சோதனையிலும் தவறு நேரும். மருந்தால் சோர்ந்த சுண்டெலி தண்ணீர் குறைவாகக் குடித்தால், உள்ளே போகும் டிஎஸ்எஸ்ஸும் குறையும். மருந்து வேலை செய்தது போலவே தெரியும். அதனால் குடித்த தண்ணீரைத் தினமும் அளந்திருக்க வேண்டும். சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்பதால் ஒரே கூண்டில் உள்ளவற்றின் குடல் பாக்டீரியா ஒன்றுபோல ஆகிவிடும். மருந்து பெற்றவை ஒரு கூண்டிலும் பெறாதவை இன்னொரு கூண்டிலும் இருந்தால், தெரிகிற வித்தியாசம் மருந்தாலா கூண்டாலா என்று சொல்ல முடியாது.

சுண்டெலியில் நம்பிக்கை தந்த, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 புரதம், குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை. மாறாக, குடல் அழற்சிக்கு இன்று பயன்பாட்டில் இருக்கும் வெடோலிசுமாப் மருந்தின் முன்னோடியைக் காட்டன்-டாப் டாமரின் என்ற சிறு குரங்கில் சோதித்தார்கள். கூண்டில் வளரும் அந்தக் குரங்குக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வரும். எந்த விலங்கில், நோய் எப்படி வந்தது என்று பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

இனி மகனுக்கு. தொந்தரவே இல்லாத நாளிலும் மெசலமைனை டாக்டர் சொன்ன அளவில் தொடரட்டும். பராமரிப்புக்குப் பொதுவாக தினமும் 2 கிராமுக்குக் குறையக் கூடாது. வருடம் ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்க்க வேண்டும், அபூர்வமாக இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் வயிறு அமைதியாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். 'அழற்சி எதிர்ப்பு' என்ற சொல்லை நம்பி டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் வாங்கிச் சாப்பிட வேண்டாம். அவை இந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும். ஆய்வு மருந்து என்று இணையத்தில் விற்கும் பொடிகளையும் தொட வேண்டாம். புது மருந்தில் ஆர்வம் இருந்தால், மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் தேடி, அவனுக்குப் பொருந்துமா என்று குடல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரே நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் ரத்தத்தோடு மலம் போய், கூடவே காய்ச்சலோ நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால், அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.