தள்ளுபடியா, தள்ளி நின்றதா?

கேள்வி: ஐயா, கிளெமெந்து நிருபம், பர்னபா நிருபம், எர்மாவின் 'மேய்ப்பன்', 'திதாக்கே' என்னும் போதனைக் கையேடு முதலிய தள்ளுபடி ஆகமங்களை நிசேயா சங்கத்தில் ஓட்டெடுப்பு நடத்தி வேதாகமத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று ஒரு யூடியூப் வீடியோவில் கேட்டேன். உண்மையா? விசுவாசி ஒருவர் இவற்றைப் படிக்கலாமா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 'தள்ளுபடி' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி நான் எப்படி மேலே போவது? தமிழில் இந்த அளவு பாடுபட்ட சொல் அதிகமில்லை. கோர்ட்டில் மனு தள்ளுபடி என்றால் போட்டவர் தலையில் கை வைக்கிறார். கூட்டுறவு வங்கியில் கடன் தள்ளுபடி என்றால் அதே மனிதர் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போகிறார். ஆடி பிறந்தால் ஜவுளிக்கடை வாசலில் இதே சொல்லுக்காகக் குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கிறது. கோயிலுக்குள் மட்டும் 'தள்ளுபடி ஆகமம்' என்றதும் எல்லோரும் விலகிப் போகிறார்கள். ஞாயிறு பள்ளியில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் எத்தனை தலைமுறையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது!

முதலில் மூட்டையைப் பிரிப்போம். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் தள்ளுபடி ஆகமம் என்று சொல்லப்படுபவை தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை. பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த வழக்கு அது. கத்தோலிக்கர் அவற்றை இணைத் திருமுறை என்று தங்கள் விவிலியத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் பட்டியல் போட்டிருப்பவை வேறு. ஏறக்குறைய முதல் நூற்றாண்டின் கடைசியிலும் இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் எழுதப்பட்ட கடிதங்களும் கையேடுகளும் அவை. இவற்றை யார் தள்ளினார்கள் என்று கேட்பதற்கு முன், எழுதியவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

அதே காலத்தில் அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸை பத்துப் படைவீரர்கள் காவலில் ரோமாபுரிக்கு இழுத்துப் போகிறார்கள். கொடிய மிருகங்களுக்கு இரையாகப் போகிறவர். வழியிலிருந்து ரோமருக்கு எழுதுகிறார்: "பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. அவர்கள் அப்போஸ்தலர், நான் தண்டனைக் கைதி." சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் பிலிப்பி சபைக்கு எழுதும்போது, பவுலின் ஞானத்தை எட்டிப் பிடிக்க என்னாலும் முடியாது, என்னைப் போன்ற யாராலும் முடியாது என்கிறார். பர்னபா நிருபத்தை எழுதியவர், போதகனாக அல்ல, உங்களில் ஒருவனாக எழுதுகிறேன் என்கிறார். நாம் கிளெமெந்து நிருபம் என்று சொல்லும் கடிதத்தில் கிளெமெந்தின் பெயரே கிடையாது. ரோமாபுரி சபை கொரிந்து சபைக்கு எழுதியதாகத்தான் தொடங்குகிறது. மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்ட கொரிந்தியரைக் கண்டிக்கிறபோது, "பாக்கியவானாகிய பவுலின் நிருபத்தை எடுத்துப் பாருங்கள்" என்கிறது அது. தங்களுக்கு முன்னால் ஒரு வரம்பு இருக்கிறது என்று இவர்களுக்கே தெரிந்திருந்தது. யாரும் தள்ளுவதற்கு முன்பே தள்ளி நின்றவர்கள் இவர்கள். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமாக ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன்.

ஆனால் அந்த வரம்பு அப்போது நம் கையிலிருக்கும் புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு புத்தகங்களாக இறுகிவிடவில்லை. "எழுதியிருக்கிறதே" என்று இவர்கள் சொன்னால் பெரும்பாலும் அது கிரேக்க மொழியில் வாசித்த பழைய ஏற்பாடுதான். பிலதெல்பியாவில் சிலர் இக்னேஷியஸிடம், "பழைய ஆவணங்களில் காணாததை நற்செய்தியில் நம்பமாட்டோம்" என்று வாதாடினார்கள். அவர் "எழுதியிருக்கிறது" என்றார். "அதுதானே கேள்வி" என்றார்கள். "எனக்கு ஆவணம் இயேசு கிறிஸ்துவே" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு பத்தியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. வேதம் உருவாகிக்கொண்டிருக்கும் சத்தம் அதில் கேட்கிறது.

மூலம் சொல்லாமல் மேற்கோள் காட்டுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் போடும் சண்டை பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'பாரதி சொன்னார்' என்று எழுதினால் எந்தப் பாட்டில் என்று கேட்பேன். அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். திதாக்கே சொல்கிறது: "யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரியும்வரை உன் தர்மப் பணம் உன் கைக்குள் வியர்க்கட்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது." எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? இந்தச் சொற்களில் எந்த வேதப் புத்தகத்திலும் இல்லை. எர்மா தன் நீண்ட நூலில் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுவது ஒரே ஒரு புத்தகத்தை: 'எல்தாதும் மேதாதும்'. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் பாளயத்துக்குள் தீர்க்கதரிசனம் சொன்ன அதே இருவர் பெயரில் இருந்த நூல். இன்று அது நம் கையில் இல்லை. இதற்கு எர்மாவைக் குறை சொல்லவும் முடியாது; புதிய ஏற்பாட்டிலேயே யூதாவின் நிருபம் ஏனோக்கின் புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறதே.

நிசேயாவுக்கு வருகிறேன். 325இல் கூடிய அந்த ஆயர் சங்கம், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையைப் பேசியது, ஈஸ்டர் தேதியைப் பேசியது, இருபது சட்டங்கள் இயற்றியது. அந்தச் சட்டங்களில் எதுவும் வேதப் புத்தகப் பட்டியலைப் பற்றியது அல்ல. புத்தகங்களைப் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், மெய்யானவை மேலே இருந்தன, பொய்யானவை அடியில் கிடந்தன என்ற கதை ஒன்பதாம் நூற்றாண்டின் ஒரு கிரேக்கத் தொகுப்பில் இருக்கிறது. ஐந்நூறு வருஷம் கழித்து எழுதிய கதை! பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதைக் கையில் எடுத்து உலகமெல்லாம் பரப்பினார். உங்கள் வீடியோக்காரர் அந்த வரிசையில் கடைசி ஆள்.

நிசேயாவில் 318 ஆயர்கள் கூடினார்கள் என்பது மரபு. அந்த எண் ஆபிரகாமின் 318 ஊழியர்களை வைத்து வந்தது. அதே எண்ணில்தான் பர்னபா நிருபம் தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்கிறது. கிரேக்க எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. பதினெட்டு என்பது இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், முந்நூறு என்பது சிலுவை வடிவான 'தௌ'. ஆக ஆபிரகாம் சிலுவையை முன்னறிந்தார்! இதைவிட உண்மையான போதனையை என்னிடம் யாரும் கற்றதில்லை என்று அவர் பூரிக்கிறார். ஆதியாகமம் எபிரெயத்தில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்ட பூரிப்பு. இந்த இடத்தில் வேதத்துக்கும் அதன் உரைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இவை வேதாகமத்தில் இருந்தன என்ற எதிர்த்தரப்புக்கும் சான்று உண்டு, மறைக்கமாட்டேன். நான்காம் நூற்றாண்டின் வேதாகமப் பிரதியான சீனாய் சுவடியில் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின் பர்னபாவும் எர்மாவும் இருக்கிறார்கள். அலெக்சாந்திரியச் சுவடியில் கிளெமெந்தின் பெயரில் இரண்டு நிருபங்கள். எர்மாவை இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியஸ் வேதவாக்கு என்றே குறிப்பிட்டார். பழைய திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் முதலில் மதித்து, பிறகு 'விபசாரக்காரரின் மேய்ப்பன்' என்று திட்டினார். முராத்தோரி என்பவர் 1740இல் வெளியிட்ட துண்டுச் சுவடி, பழைய வேதப் புத்தகப் பட்டியல் ஒன்று, அதுதான் அமைதியாகத் தீர்ப்புச் சொல்கிறது: மேய்ப்பன் நம் காலத்தில், ரோமாபுரியில், ஆயர் பியுஸின் சகோதரன் எழுதியது; படிக்கத்தான் வேண்டும், ஆனால் சபையில் தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலரோடும் சேர்த்து வாசிக்க வேண்டாம். 367இல் இருபத்தேழு புத்தகங்களையும் பட்டியலிட்ட அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியஸ்கூட, திதாக்கேயையும் மேய்ப்பனையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்கட்டும் என்று அதே கடிதத்தில் எழுதினார்.

தோமா இந்தியாவுக்கு வந்தார் என்று நம்புகிறீர்கள் அல்லவா? புதிய ஏற்பாட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. "நான் எபிரெயன், இந்தியருக்கு எப்படிப் போதிப்பேன்" என்று அவர் மறுத்ததையும், கர்த்தரே அவரை ஒரு வியாபாரிக்கு அடிமையாக விற்று அனுப்பியதையும் சொல்வது 'தோமாவின் பணிகள்' என்ற மூன்றாம் நூற்றாண்டு நூல். திருமறைக்கு வெளியே நின்ற ஒரு நூலின் கதை பரங்கிமலைவரை வந்து சேர்ந்துவிட்டது.

படிக்கலாமா என்கிறீர்கள். திதாக்கேயில் தொடங்குங்கள். பதினாறே சிறிய அதிகாரம். 1056இல் பிரதியெடுத்த சுவடியை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிரேக்க அறிஞர் பிலோத்தேயோஸ் பிரியெனியோஸ் கண்டெடுத்து 1883இல் அச்சிட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம் நாம். திதாக்கே இன்னும் கறார்: ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது ரொட்டி மட்டும் வாங்கிக்கொள்ளலாம். காசு கேட்டால் கள்ளன். ஆவியில் நிறைந்து "பந்தி வையுங்கள்" என்று சொன்னவன் அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் கள்ளன். இல்லாதவர்களுக்காகக் கேட்டால் மட்டும் அவனை நியாயந்தீர்க்காதே என்கிறது. இந்த அதிகாரத்தை ஒவ்வொரு கன்வென்ஷன் பந்தல் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

படிக்காமல் தள்ளுகிறவர்களுக்கும் படிக்காமல் போற்றுகிறவர்களுக்கும் ஒரு ஆயரைக் காட்டுகிறேன். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் இருந்த செராப்பியோன். ரோசுஸ் என்ற ஊரில் 'பேதுருவின் நற்செய்தி' என்ற நூலை வைத்துத் தகராறு. புத்தகத்தைப் புரட்டாமலே, "இவ்வளவுதானா, வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு சந்தேகம் வந்தது. அதை வைத்திருந்தவர்களிடமே பிரதியை வாங்கி முழுதும் படித்தார். பெரும்பகுதி சரியான போதனை, சில மட்டும் புதிதாகச் சேர்த்தவை என்று கண்டார். அவற்றைப் பட்டியல் போட்டு அந்தச் சபைக்கு அனுப்பினார். கூடவே எழுதினார்: "சகோதரரே, சீக்கிரம் வருகிறேன், என்னை எதிர்பாருங்கள்."