லிவர் இல்லாத ராணுவ பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்குமா?

ராணுவத்தில் மகனுக்குக் கொடுத்த குளோக் 17 பிஸ்டலில் பாதுகாப்பு லிவரே இல்லை, கீழே விழுந்தால் வெடிக்காதா, கடலோரப் பட்டர்வொர்த்தின் ஈரக்காற்றில் துரு ஏறாதா, என்ன எண்ணெய் வாங்கித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் சுங்கை பெசி முகாமில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயப்படாதீர்கள்.

அதில் பூட்டு மூன்று, எல்லாம் விசையோடு (டிரிக்கர்) சேர்ந்தே இயங்குபவை. விசையின் நடுவில் சின்னத் தகடு ஒன்று தெரியும். விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை நகரும். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்குள், தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியின் வழியை ஓர் உருளை மறித்து நிற்கும். விசையை இழுத்தால்தான் மேலே போய் வழிவிடும். ஊசியைப் பிடித்திருக்கும் விசைச் சட்டம், பின்னால் வந்து சேரும்வரை கீழே இறங்க முடியாது, அது மூன்றாவது. ஆகவே வெறுமனே தரையில் விழுந்து வெடிக்காதபடிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் விசையில் விரல் பட்டால் சுடும். சுடும் நேரம் வரை விரலை வெளியே வை என்று பயிற்சியில் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

எல்லா பிஸ்டலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க ராணுவம் 2017-இல் பெரெட்டா எம்9-க்குப் பதிலாக எடுத்தது சிக் சாவர் பி320 வகை. அதே வருடம், கடைகளில் விற்ற பி320 சில கோணங்களில் விழுந்தால் சுடுகிறது என்று தெரியவந்தது. விழுந்த வேகத்தில் விசை தன் கனத்தாலேயே பின்னால் போய்விட்டது. எடை குறைந்த விசை போட்டுச் சரிசெய்தார்கள். ராணுவம் எடுத்த பி320 வகையான எம்17-இல் கட்டைவிரல் பூட்டும் உண்டு.

துருவுக்கு வருவோம். குளோக்கின் அடிச்சட்டம் பாலிமர், ஸ்லைடும் குழாயும் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய எஃகு. மேலே கறுப்பு தேய்ந்தாலும் கவலையில்லை. துரு பிடிப்பது பாகங்களைப் பிணைக்கும் சின்னப் பின்களிலும் ஸ்பிரிங்குகளிலும். கடற்காற்றைவிட உடம்பு வியர்வைதான் அதற்கு வில்லன். தோல் உறைக்குள் வைத்து நாள்கணக்கில் விடக்கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்யும்போது முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்துச் சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். குளோக்கைப் பிரிக்க விசையை இழுத்தே ஆக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா இருந்தால் மேசையிலேயே விபத்து. அப்புறம் ஸ்லைடு, குழாய், ஸ்பிரிங், அடிச்சட்டம் என்று நாலு துண்டாக வந்துவிடும். அதற்கு மேல் மகன் கழற்ற வேண்டாம், அது எங்கள் ஆட்கள் வேலை.

நம் பையன்கள் தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி ஊற்றிவிடுவார்கள். உரசும் இடங்களில் சில சொட்டு போதும். ஊசி ஓடும் துளை காய்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இறங்கினால் கரியோடு சேர்ந்து பிசினாகி ஊசி மந்தமாகும். விசையை இழுத்தால் ‘க்ளிக்’ சத்தம் மட்டும்தான். தோட்டாவின் அடியில் லேசான தழும்பு விழுந்திருக்கும், வெடித்திருக்காது. மேகசினுக்குள் எண்ணெயே வேண்டாம், துடைத்துக் காயவைத்தால் சரி.

எண்ணெய் வாங்கி அனுப்ப வேண்டாம், முகாம் ஸ்டோரில் கொடுப்பார்கள். அங்கே கிடைக்காதது பழைய பருத்திப் பனியன் துணி, அதை வேண்டுமானால் கிழித்து அனுப்புங்கள்.