பழைய காரும் குலுங்காத பயணமும்: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் குறித்த சில கேள்விகள்

கேள்வி: என் அம்பாசடர் சிறு பள்ளத்துக்கே தூக்கிப்போடுகிறது. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் கேஸ் (வாயு நிரப்பிய) வகைக்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன், வண்டி எப்படித் தூக்கிப்போடுகிறது என்று கவனியுங்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பள்ளத்தைக் கடந்த பின்னும் வண்டி இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால் ஷாக் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆட்டமே இல்லாமல் ஒரே அடியாக முதுகில் இறங்கினால், பின்பக்கக் கமான் பட்டைகளை, அதாவது அடுக்கடுக்காக வைத்த வளைந்த இரும்புப் பட்டைகளாலான ஸ்பிரிங்கை, முதலில் சந்தேகிப்பேன். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் அந்த ஸ்பிரிங் வளையும். இடையில் துருவேறி ஒட்டிக்கொண்டால், அடுக்கு முழுவதும் ஒரே கனத்த இரும்புக் கட்டையாகிவிடும். செட்டைக் கழற்றிப் பிரித்துப் பாருங்கள்: ஒவ்வொரு பட்டையின் முனையும் தனக்கு மேலுள்ள பட்டையில் நகக்கண் அளவுக்குப் பள்ளம் அறுத்திருக்கும். துருவைச் சுரண்டி, ஆழமாக அறுபட்ட பட்டையை மாற்றி, கிராஃபைட் கிரீஸ் தடவி, ஷாக்கிள் புஷ்களையும் (ஸ்பிரிங் முனையை வண்டியோடு இணைக்கும் இணைப்பிலுள்ள ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட்டுப் பூட்டினால், ஷாக் வாங்கும் எண்ணமே உங்களுக்கு மறந்துபோகலாம். அதன் பிறகும் ஷாக் தேவைப்பட்டால், சாதாரண எண்ணெய் வகையோ குறைந்த அழுத்தக் கேஸ் வகையோ போதும். அதிக அழுத்தக் கேஸ் ஷாக், தண்டைத் தானாகவே வெளியே தள்ளி நிற்பதால், இவ்வகைக் கார்களில் விறைப்பைத்தான் கூட்டும்.

கேள்வி: பிரீமியர் பத்மினியின் முன்பக்கத்தைத் தாழ்த்த, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டச் சொல்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?

பதில்: வேண்டாம். சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். இயங்கும் சுற்றுகள் (அமுங்கி விரியும் சுற்றுகள்) 8 இருந்து ஒன்றை வெட்டினால், ஏறத்தாழ 14 சதவீதம் விறைத்துவிடும். அமுங்குவதற்கான இடமும் அதே நேரத்தில் குறைவதால், வண்டி அடிக்கடி ரப்பர் தடுப்பில் போய் முட்டும். இளவயதில் அழகுக்காக நானும் இதைச் செய்து, ஒரே மாதத்தில் பழைய ஸ்பிரிங் தேடி அலைந்திருக்கிறேன். அம்பாசடர்காரர்களுக்கு இந்தச் சபலமே கிடையாது, ஏனெனில் அதன் முன்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புத் தண்டு; விறைப்பை மாற்றாமலேயே அதில் உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதைவிடத் தடித்த பார் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விட்டம் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டில் நான்கு பேர் ஏறினால் பின்புறம் அமுங்குகிறது. கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாமா?

பதில்: சென்னையில் தயாரான இந்தக் காரின் பின்பக்கத்தை மற்றக் கார்களைப் போல எண்ணக்கூடாது. டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) மேல் குறுக்காக ஒரே கமான் செட். இரு பக்கமும் அச்சுகள் இறக்கை போல மேலும் கீழும் ஆடும். பட்டை சேர்த்துப் பின்புறத்தை உயர்த்தினால், சக்கரங்களின் அடிப்பகுதி உட்புறமாகச் சாயும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடங்கப் பார்க்கும். வண்டி சுழன்றுவிடும் அபாயம் உண்டு. ஹெரால்டின் அடுத்த வடிவமாக 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்புறத்தைச் சாதாரணத் திட அச்சாக மாற்றிவிட்டார்கள். ஆகவே தளர்ந்த செட்டை நல்ல ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து, பழைய வளைவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வேண்டாம்.

கேள்வி: புதிய ஷாக், புதிய புஷ் எல்லாம் போட்டும் வண்டி முன்பைவிட விறைப்பாக இருக்கிறது. ஏன்?

பதில்: ஜாக்கியில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோதே புஷ் போல்ட்டுகளை முறுக்கியிருப்பார்கள். வண்டி தரையில் இறங்கியதும் அந்த ரப்பர்கள் நிரந்தரமாக முறுகிய நிலையில் நின்று, தாமும் ஒரு ஸ்பிரிங் போல எதிர்க்கும். சில மாதங்களில் கிழிந்தும்விடும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சமதரையில் இறக்கி, இருமுறை அமுக்கி விட்டு, அதன் சொந்த எடையில் நிற்கும்போது மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.